‘நீங்கள் வேலை செய்யேக்க ஆர் பக்கத்தில நிண்டு பார்த்தது?’

என் அலுமாரியில் இரண்டு சான்றிதழ்கள் கிடக்கின்றன. ஒன்று தங்க நிற ஓரம் போட்டுச் சட்டத்துக்குள் இருக்கிறது. மற்றது நெற் கஃபேயில் அச்செடுத்த ஒற்றைத் தாள். இரண்டுக்குமாக என் கையை விட்டுப் போன காசு 147,500 ரூபா. அந்த நாளில் முன்பள்ளி ஆசிரியையாக எனக்கு மாதம் 9,000 ரூபாதான் கிடைத்தது. கணக்குப் பார்த்தால் பதினாறு மாதச் சம்பளம். அம்மாவின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போனதும், அதற்குக் கட்டிய வட்டியும் இதில் சேரவில்லை. காசு போனதை விட, அந்தச் சான்றிதழை நம்பி நான் ஒரு பிள்ளையோடு மூன்று மாதம் பிழையாக வேலை செய்தேன் என்பதுதான் இன்னும் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பெண் பிள்ளைகள் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறார்கள். எனக்கு முன்னரே ஒருவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கியது 2022 இல். உடுவில் பக்கம் ஒரு சின்ன முன்பள்ளி. நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்வான். பசித்தால் மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியாது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் வைப்பான். போத்தல் மூடிகளைச் சுவரோரமாக வரிசையாக அடுக்குவான், யாராவது ஒன்றைத் தட்டிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். ‘ஃபோன் குடுத்துக் குடுத்துப் பழுதாக்கிப் போட்டினம்’ என்று மற்றத் தாய்மார் வாசலில் நின்று கதைத்தது தம்பியின் அம்மாவின் காதிலும் விழுந்தது. ஓட்டிசம் பிறப்போடு வருகிற மூளை வளர்ச்சி வேறுபாடு, ஃபோனால் வருவதில்லை என்று அன்றைக்கு எழும்பிச் சொல்ல எனக்கும் அறிவு இருக்கவில்லை. ஒருநாள் அவன் என் முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டான். வலியை விட வெட்கம்தான் எனக்கு. ஐந்து வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், ஒரு பிள்ளையை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லையே என்று இரவிரவாக அழுதேன்.

அந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. ‘ஓட்டிசம் மற்றும் விசேட தேவைக் கல்வியில் சர்வதேச டிப்ளோமா, ஆறு மாதம், பிரித்தானிய அங்கீகாரம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு.’ ஃபோனில் கதைத்தவர் மிகவும் அன்பாகக் கதைத்தார். ‘பிள்ளை, கடைசி ரெண்டு இடம்தான் கிடக்கு, இண்டைக்கே அட்வான்ஸைப் போட்டு விடுங்கோ’ என்றார். கடைசி இரண்டு இடம் என்று யார் சொன்னாலும் இப்போது எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. 95,000 ரூபா, மூன்று தவணை. முதல் தவணைக்கு ஒரு காப்பு, மூன்றாவதுக்கு மற்றது. சீட்டு எடுத்து மீட்கலாம் என்று அம்மா சொன்னா.

2023 தை மாதம் வகுப்புத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், சூமில். படிப்பித்தவர் திரையில் இருந்ததை வாசித்தார், நாங்கள் எழுதினோம். ஓட்டிசத்தின் வரலாறு, வரைவிலக்கணம், அறிகுறிகள், வகைகள். ஆறு மாதத்தில் ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. காணொளியில்கூட இல்லை. ‘செய்முறை எப்ப?’ என்று நான் கேட்டபோது, ‘உங்கட பள்ளிக்கூடத்திலேயே ஒரு பிள்ளையை வைச்சுச் செய்து அறிக்கை தாங்கோ’ என்றார்கள். நான் தம்பியைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை, ஏ தரம் வந்தது. அப்புறம் பரீட்சைக் கட்டணம் என்று 12,000. பட்டமளிப்புக்குக் கவுனும் மண்டபமும் என்று 8,500. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வந்திருந்த பிரமுகருக்கு நாங்கள் யார், என்ன படித்தோம் என்றே தெரியவில்லை. அம்மா மட்டும் முன் வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. அந்தப் படத்தை இன்றும் அழிக்க மனம் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் காசு கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். இலங்கையில் தொழிற்பயிற்சி கொடுக்கிற நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும், அதற்கு 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிந்திருக்கிறதா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். நிறுவனம் பதிந்திருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகிற கற்கைநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது வேறு. தையல் பயிற்சிக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் ஓட்டிசம் டிப்ளோமாவும் நடத்தலாம், விளம்பரத்தில் அரச இலச்சினையைப் பக்கத்தில் போட்டால் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே ‘இந்தக் கற்கைநெறிக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா, எத்தனையாவது மட்டம்?’ என்று நேராகக் கேளுங்கள். என்.வி.கியூ. என்பது இலங்கையின் தேசிய தொழிற்தகைமை. என்.வி.கியூ.வில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். டிப்ளோமா என்று சொல்லிக்கொண்டு எந்த மட்டமும் இல்லை என்றால் அந்தச் சொல் வெறும் அலங்காரம். ‘பிரித்தானிய அங்கீகாரம்’ என்பதும் அப்படித்தான். நான் பிறகு தேடிப் பார்த்தபோது அது இங்கிலாந்தில் கம்பனியாகப் பதிந்த ஒரு பெயர் மட்டும்தான். கடை திறக்கிறவரும் அதே இடத்தில்தான் கம்பனி பதிவார். இங்கிலாந்தில் தகைமைகளை ஒழுங்குபடுத்துவது ஆஃப்குவால் என்ற அமைப்பு. அதன் பதிவேட்டில் தகைமையின் பெயரைப் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘சி.பி.டி. சான்றளிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தாலும் ஏமாறாதீர்கள். அது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் அறிவைப் புதுப்பித்துக்கொள்வதற்கானது, தொழிலுக்குள் நுழைகிற தகைமை ஆகாது.

சரி, கதைக்கு வருகிறேன். சான்றிதழைச் சட்டம் போட்ட கையோடு முன்பள்ளியை விட்டுவிட்டேன். தம்பியின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ‘ரீச்சர், வீட்டை வந்து ஒரு மணித்தியாலம் சொல்லிக் குடுங்கோ’ என்று கேட்டா. கிழமைக்கு மூன்று நாள் போனேன். மேசையைப் போட்டு, அட்டைகளைப் பரப்பி, ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன். அப்படித்தான் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு எவ்வளவு கஷ்டம், அப்படிப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியது எவ்வளவு வலித்தது என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் வாசித்தது மிகவும் பிந்தி. தம்பி அடித்தான், கிள்ளினான். அடித்தவுடன் நான் மேசையை ஒதுக்கிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவேன், சொக்லேற் கொடுப்பேன். அமைதியாகிவிடுவான். எனக்கு ஏதோ கைவந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் மூன்றாவது மாதம் அவன் அடிப்பது இரட்டிப்பாகி, தன் தலையிலேயே அடிக்கத் தொடங்கினான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் குசினிக்குள் போனா. அந்தப் பேசாமை என்னைக் கொன்றது.

அவர்கள் தம்பியை அழைத்துப் போகிற கிளினிக்குக்கு நானும் ஒருநாள் கூடப் போனேன். அங்கே பேச்சு சிகிச்சை செய்கிற மிஸ் என் சான்றிதழை வாங்கி வடிவாகப் பார்த்தா. கோபமும் இல்லை, நக்கலும் இல்லை. ‘தங்கச்சி, நீங்கள் பிள்ளையோட வேலை செய்யேக்க ஆர் பக்கத்தில நிண்டு பார்த்தது?’ என்று மட்டும் கேட்டா. ஒருத்தரும் இல்லை மிஸ் என்றேன். சான்றிதழைத் திருப்பித் தந்துவிட்டா. அவ்வளவுதான் கதை. அந்தக் கேள்வி எனக்கு அன்று விளங்கவில்லை. நான் படித்த இடம் சரியில்லை, வேறு பெரிய இடத்தில் படித்தால் சரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நினைப்பில்தான் இரண்டாவது பள்ளத்தில் விழுந்தேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் ஒருத்தி, ‘ஆர்.பி.ரி. எண்டு ஒண்டு கிடக்கு, அதை முடிச்சால் இங்க வேலை எடுக்கலாம்’ என்றாள். தேடினேன். பி.ஏ.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற அமெரிக்கச் சான்றளிப்புச் சபை கொடுக்கிற தகைமை அது. பிள்ளை ஏன் அப்படி நடக்கிறது என்று ஆராய்கிற நடத்தைப் பகுப்பாய்வாளர் ஒருவர் திட்டம் போடுவார், அவருடைய மேற்பார்வையில் பிள்ளையோடு நேரே இருந்து வேலை செய்கிற உதவியாளர்தான் ஆர்.பி.ரி. பட்டம் தேவையில்லை, 18 வயதும் உயர்தரப் படிப்பும் காணும் என்றிருந்தது. எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. 40 மணி நேரப் பயிற்சியை 99 டொலருக்கு ஓர் இணைய நிறுவனம் விற்றது. மச்சாளின் கார்ட்டில் கட்டி, இங்கே அவளுடைய அம்மாவுக்கு 32,000 ரூபா கொடுத்தேன். ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் முடித்தேன். உண்மையைச் சொன்னால் பாடம் நல்ல பாடம். அளவிடுவது, கற்பிப்பது, குழப்பமான நடத்தையைக் குறைப்பது, குறிப்பு எழுதுவது, தொழில் ஒழுக்கம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுக்கத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம். பிள்ளையின் படத்தை முகநூலில் போடக்கூடாது என்பதை அங்கேதான் முதன்முதலில் படித்தேன், பட்டமளிப்பன்று தம்பியின் படத்தைப் போட்டு ‘என் முதல் மாணவன்’ என்று எழுதியது ஞாபகம் வந்து ஓடிப்போய் அழித்தேன்.

முடித்துவிட்டு 2024 தையில் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது. 2023 ஜனவரி 1 முதல் பி.ஏ.சி.பி. அமெரிக்கா, கனடா போன்ற மிகச் சில நாடுகளில் வசிப்பவர்களிடம் மட்டுமே புதிய விண்ணப்பங்களை எடுத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அவர்கள் இதை ஒளித்து வைக்கவில்லை, இணையத்தளத்தில் வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். பார்க்காதது நான். பாடம் விற்றவரும் பொய் சொல்லவில்லை. ‘40 மணி நேரத் தேவையைப் பூர்த்தி செய்யும்’ என்று எழுதியிருந்தார், அது உண்மைதான். மற்றத் தேவைகளை எழுதவில்லை. அவை என்னவென்றால், பின்னணிச் சோதனை, தகுதி பெற்ற ஒருவர் உங்களை வேலை செய்ய வைத்துப் பார்க்கிற திறன் மதிப்பீடு, அப்புறம் 90 நிமிடத்தில் 85 கேள்விகள் கொண்ட பரீட்சை. பாஸ் பண்ணினாலும் முடியாது. ஒவ்வொரு மாதமும் நீங்கள் வேலை செய்கிற நேரத்தில் குறைந்தது 5 வீதத்துக்கு மேற்பார்வை இருக்க வேண்டும். மாதம் 60 மணி நேரம் செய்தால் 3 மணி நேரம். அதில் அவர் நீங்கள் பிள்ளையோடு இருப்பதை நேரே பார்க்கவும் வேண்டும். நான் தேடியவரை யாழ்ப்பாணத்தில் அப்படி மேற்பார்வை செய்யத் தகுதியுள்ள ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 5 வீதத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கிளினிக் மிஸ் கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்று உறைத்தது. அவ கேட்டதும் இதைத்தான்.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். ஆர்.பி.ரி. மாதிரியான உதவியாளர் தகைமைகளாக, ஐ.பி.ஏ.ஓ. என்ற அமைப்பு ஐ.பி.ரி. என்று ஒன்றும், கியூ.ஏ.பி.ஏ. என்ற அமைப்பு ஏ.பி.ஏ.ரி. என்று ஒன்றும் கொடுக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அவற்றிலும் பாட நேரத்தோடு மேற்பார்வையில் செய்த வேலையைக் கேட்பார்கள், ஆகவே முதலில் மேற்பார்வையாளரைப் பிடியுங்கள், பிறகு காசு கட்டுங்கள். நான் செய்தது தலைகீழ். இன்னொன்று, இவற்றில் எதுவும் இலங்கையில் இந்த வேலைக்கான அரச உரிமம் ஆகிவிடாது. இங்கே இயன் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்றவர்களுக்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டு. எங்களைப் போன்ற உதவியாளர் அந்த வரிசையில் வரமாட்டோம். கனடாக் கனவு பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் 2024 ஜூலை 1 முதல் நடத்தைப் பகுப்பாய்வாளர் தொழிலே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே உதவியாளர் வேலைக்கும் முதலில் விசா வேண்டும், அதை எந்தச் சான்றிதழும் கொண்டுவந்து தராது. மச்சாளோடு எனக்குக் கோபம் இல்லை, அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

அந்தத் தை மாதம் நான் யாரோடும் கதைக்கவில்லை. பொங்கலுக்கு உடுப்புக்கூட எடுக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அதே கிளினிக்குக்குப் போய், வாங்கில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து, மிஸ்ஸிடம் சொன்னேன்: ‘மிஸ், எனக்கு ஒண்டும் தெரியாது. பார்க்க விடுவீங்களா?’ ஆஸ்பத்திரிக்குள் வெளியாட்களை விட முடியாது என்றா. ஆனால் தனக்குத் தெரிந்த, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிற ஒரு சின்ன நிலையத்துக்கு எழுதித் தந்தா. கிராம சேவகரின் நற்சான்றும் பொலிஸ் அறிக்கையும் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. முன்னர் 95,000 கட்டி டிப்ளோமா முடித்த இடத்தில் நான் ஆள் எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. சம்பளம் இல்லை, ஏழு மாதம் போனேன். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் என்னுடையது. நான் கட்டிய காசுகளுக்குள் பிரயோசனப்பட்டது அதுதான்.

முதல் மாதம் வெறும் பார்வைதான், பிள்ளையைத் தொட விடவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து நான் செய்ய, மேற்பார்வை செய்கிற அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதுவா. ஒரு சிறுமிக்குக் கை கழுவப் பழக்கினேன். குழாயைத் திற, கையை நனை, சவர்க்காரத்தை எடு என்று எட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் அவளுடைய கையை நானே பிடித்துச் செய்வித்தேன். பத்து நாளில் அவள் குழாயடிக்குப் போய்க் கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். எனக்கோ பெருமை, தானாகப் போகிறாளே என்று. அக்கா சொன்னா: ‘அவள் கை கழுவப் படிக்கேல்லை. உம்மட கைக்குக் காத்துக்கொண்டு நிக்கப் படிச்சிருக்கிறாள்.’ உதவி கொடுப்பதோடு, கொடுத்த உதவியைப் படிப்படியாக எடுப்பதற்கும் திட்டம் இருக்க வேண்டும். முதலில் மணிக்கட்டைத் தொடுவது, பிறகு முழங்கையில் ஒரு தட்டு, பிறகு விரலால் காட்டுவது, பிறகு ஒன்றுமே இல்லாமல் ஐந்து வினாடி காத்திருப்பது. இந்த ஐந்து வினாடி இருக்கிறதே, அதுதான் இந்த வேலையில் மிகவும் கஷ்டம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளை ஒன்றுக்கு முட்டினால் உடனே ஓடிப்போய்ச் செய்து கொடுத்துத்தான் பழக்கம். 40 மணி நேரப் பாடத்தில் இதே விசயம் இருந்தது, அதற்கான சோதனையில் நான் நூற்றுக்கு நூறு. குழாயடியில் அந்த நூறு எங்கே போனதென்று தெரியவில்லை.

தம்பி அடிப்பதையும் அந்த நிலையத்து அக்காவிடம் சொன்னேன். ஒரு கொப்பியில் மூன்று கோடு கிழிக்கச் சொன்னா. அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பிறகு என்ன நடந்தது. கோபம், பிடிவாதம் என்ற சொற்களை எழுதக்கூடாது, கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். இரண்டு கிழமை எழுதினேன். பதினேழு தரம் அடித்திருந்தான், அதில் பதினான்கு தரம் நான் மேசையில் அட்டை பரப்பிய பிறகு. பதினான்கிலும் மூன்றாவது கோட்டில் என் கையெழுத்தில் ஒரே வசனம்: ‘மேசையை ஒதுக்கினேன்.’ கொப்பியை மூடிவிட்டு நான் அழுதேன். அடித்தால் வேலை முடியும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். அக்காவின் வழிகாட்டலில் அவனுக்கு ஒரு சொல் பழக்கினோம்: ‘காணும்’, அதாவது போதும். ஆங்கிலப் பாடத்தில் இதற்கு பிரேக் என்று சொல்லப் பழக்கச் சொல்லியிருந்தது. அவன் வீட்டில் யார் பிரேக் என்கிறார்கள்? அம்மம்மா சோறு போடும்போது கையைக் காட்டி ‘காணும், காணும்’ என்பது அவன் காதில் நாளும் விழுகிற சொல். முதலில் கையை விரித்துக் காட்டினால் காணும், உடனே அட்டைகளை எடுத்துவிடுவேன். ஆறு கிழமையில் ‘காணு’ என்ற சத்தம் வந்தது. அடிப்பது முழுதாக நிற்கவில்லை, கிழமைக்கு ஒன்றிரண்டு இருந்தது. எனக்கு அது காணும்.

மொழி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. யூரியூப் பார்த்து ஆங்கிலம் கதைக்கிற பிள்ளைகளின் பெற்றோர், ‘அப்ப நாங்களும் வீட்டில இங்கிலிசே கதைக்கிறம்’ என்று தங்களுக்குச் சரியாக வராத மொழியில் பிள்ளையோடு கதைப்பதைக் கண்டிருக்கிறேன். தங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் பெற்றோர் கதைப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. வாங்கிய படஅட்டைகளில் பனிச் சப்பாத்தும் தபால் பெட்டியும் அமெரிக்கப் பள்ளிக்கூட பஸ்ஸும்தான் இருந்தன. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தம்பி வீட்டுச் செம்பு, கிணற்றடி, பிட்டுக் குழல், அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து, அச்சடித்து, லமினேற் பண்ணினேன். 1,800 ரூபா. அந்தப் பழைய டிப்ளோமாவின் புத்தகக் கட்டை விட இது பிரயோசனம்.

காசு கட்டாமலே படிக்கக்கூடியவையும் உண்டு, எனக்குத்தான் தெரியாமல் போனது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இருந்து அஃபர்ம் என்ற பாடங்கள் இலவசமாக வருகின்றன, ஆய்வுகளில் பலன் தெரிந்த வழிமுறைகளை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும். பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் ஆக்கிய பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது, ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும். அதில் வீட்டு வருகை என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள், அங்கேயும் ஒருவர் வந்து பார்க்கிறார். படிப்பை ஒழுங்காகத் தொடர நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக் கற்கைநெறிகள் உண்டு, அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவிலில்தான். எந்த வருடம் எதற்கு விண்ணப்பம் எடுக்கிறார்கள், எந்த மொழியில் என்று நேரே போய்க் கேளுங்கள், முகநூலில் கேட்க வேண்டாம்.

இப்போது மூன்று வீடுகளுக்குப் போகிறேன். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம்: எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு, வராத நாளுக்கு என்ன, படம் எடுப்பதில்லை, வீட்டில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ‘எங்களுக்குள்ள என்ன எழுத்து’ என்று ஒரு வீட்டில் மாமி கோபித்தா, நான் விட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு என்ன என்று என்னிடம் கேட்பார்கள். அதைச் சொல்வது வைத்தியரின் வேலை, நான் வாயைத் திறப்பதில்லை. மருந்தை நிறுத்தலாமா, அந்த எண்ணெய் பூசலாமா, சாப்பாட்டில் கோதுமையை விட்டால் சுகம் வருமா என்பதற்கும் அதே பதில். ‘எத்தினை மாசத்தில மாறும் ரீச்சர்?’ என்று கேட்கும்போதுதான் கஷ்டம். ஓட்டிசம் மாறுகிற வருத்தம் இல்லை என்று சொன்னால் ஒரு வீட்டில் அடுத்த கிழமை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆறு மாதத்தில் குணமாக்குகிறேன் என்று சொன்ன வேறு ஒருவரிடம் போனார்களாம். என்ன செய்வது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த நிலையத்து அக்கா ஒரு வீட்டுக்கு வந்து நான் வேலை செய்வதைப் பார்க்கிறா. அதற்கு என் வருமானத்தில் இருந்து கொடுக்கிறேன். ‘உமக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே, ஏன் காசைக் கரைக்கிறீர்?’ என்று அம்மா கேட்கிறா. போன முறை வந்தபோது, நான் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் என்னையறியாமல் சரியான அட்டையின் பக்கம் கண்ணைத் திருப்புகிறேன் என்று பிடித்தா. பிள்ளை அட்டையைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தானாம். நானாக இதை ஒரு நாளும் கண்டிருக்க மாட்டேன்.

ஒரு காப்பு மீண்டுவிட்டது, மற்றது இன்னும் அடைவில்தான். தம்பிக்கு இப்போது காதுக்குப் போடுகிற கவசம் ஒன்று இருக்கிறது, மச்சாள் கனடாவில் இருந்து அனுப்பினாள். அவனைக் கைக்குழந்தையாகக் கொண்டுபோன பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு அந்தக் குடும்பம் போகவே இல்லை. இருபத்தைந்து நாளும் மாறி மாறி ஒருவர் வீட்டில் நிற்பார்கள். இந்தமுறை ஒரு நாளாவது, கூட்டம் இல்லாத காலை நேரத்தில், தெற்கு வீதி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்று தம்பியின் அம்மாவுக்கு ஆசை. ஃபோனில் நாதஸ்வரத்தை மிகவும் மெல்லமாக வைத்து, அவனுக்குப் பிடித்த போத்தல் மூடிகளை அடுக்கிக்கொண்டே கேட்கப் பழக்குகிறோம். அவன் கையை விரித்தால் உடனே நிறுத்திவிடுவேன். ஃபோனின் சத்த அளவை ஒன்றில் தொடங்கினோம், போன செவ்வாய் நான்குக்கு வந்தோம். ஐந்தில் வைத்தபோது ‘காணும்’ என்று முழுச் சொல்லாகவே சொன்னான். நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் திரும்பவும் மூன்றில் இருந்து தொடங்கினோம்.